ஒரே வாளித் தண்ணீர்

விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கிளியூர் எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீடுகளிலிருந்து நடையைக் கட்டினால்தான் ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியின் பின்வாசலை எட்ட முடியும். தை மாதத்துப் பனி காப்பிச் செடிகளின் மேல் கவிந்து கிடந்தது. இலைகளிலிருந்து சொட்டிய நீர் கலாவதியின் முக்காட்டை நனைத்துக் கழுத்துக்குள் இறங்கியது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. கைகளை மட்டும் சேலைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு நடந்தாள். பிளீச்சிங் தண்ணீரில் ஊறி ஊறி விரல் இடுக்குகள் வெடித்திருந்தன. குளிர்காற்று பட்டால் ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாக எரியும்.

கொரோனா என்ற பேரை மலையில் யாரும் கேட்டிராத காலம். அது வருவதற்கு ஓராண்டு இருந்தது.

ஏற்காட்டில் அதை எல்லோரும் பங்களா ஆஸ்பத்திரி என்றுதான் சொன்னார்கள். வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுப்போன பங்களாவை ஒரு கம்பெனி வாங்கி, பின்னால் இரண்டு மாடி எழுப்பி நடத்தி வந்தது. சுற்றுவட்ட எஸ்டேட்டுகளில் யாருக்கு அடிபட்டாலும் அங்கேதான் கொண்டுபோவார்கள். கலாவதி அங்கே ஆறு வருடமாகத் துப்புரவு வேலை பார்த்தாள்.

முன்பு ஏழு பேர் இருந்தார்கள். கக்கூசுக்குச் சிவப்பு மாப்பு, வார்டுக்குப் பச்சை, ஆபரேஷன் தியேட்டருக்கு நீலம் என்று தனித்தனியாக இருந்தன. போன தீபாவளிக்குத் துப்புரவு வேலையைக் கான்ட்ராக்டுக்கு விட்டதும் நாலு பேரை நிறுத்தினார்கள். மிஞ்சியது கலாவதி, சென்னம்மாள், காளியாயி. கிழிந்துபோன நீல மாப்புக்குப் பதில் வேறு வரவில்லை. மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் பழுதாகி இரண்டு மாதம் ஆயிற்று. அதையும் யாரும் கேட்கவில்லை.

அன்றும் அவள் முற்றத்துக் குழாயில் வாளியை நிரப்பிக்கொண்டு முப்பத்திரண்டு படி ஏறினாள். தீவிர சிகிச்சைப் பிரிவைத் துடைத்தாள். அதே தண்ணீரில் பிழிந்து ஆண்கள் வார்டைத் துடைத்தாள். வார்டின் கோடிக்கு வந்தபோது வாளித் தண்ணீர் கழுநீர் நிறத்தில் இருந்தது. அறைக்கு ஒரு வாளி மாற்ற வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் எட்டு மணிக்குள் மாடி முழுவதும் முடிந்தாக வேண்டும். மேனேஜர் முருகேசன் எட்டு மணிக்குத் தரையில் கால்வைக்கும்போது ஈரம் காய்ந்திருக்க வேண்டும்.

பதினோரு மணிக்குக் கீழே அவசரப் பிரிவில் துடைத்துக்கொண்டிருந்தாள். எஸ்டேட் ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது. நாலு பேர் ஒரு ஆளைப் பலகையில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். வழிவிட்டு ஒதுங்கியவள் முதலில் பார்த்தது ஒரு பாதத்தை. பெருவிரல் நகம் கறுத்து, பித்த வெடிப்போடு இருந்த அந்தப் பாதத்தை அவளுக்குத் தெரியும்.

"ஏனுங்க," என்றாள்.

அவள் புருஷன் மாதேஸ்வரன் கண்ணைத் திறந்தான். "ஒண்ணுமில்ல புள்ள. ஏணி சறுக்கிருச்சு."

மிளகு பறிக்கும் பருவம். சில்வர் ஓக் மரங்களில் ஏறிய கொடிகளில் மிளகு பழுத்திருந்தது. முப்பதடி மூங்கில் ஏணி, பனியில் நனைந்த மரம், இடுப்பில் கட்டிய கோணிப்பை. ஏணியைக் கீழே பிடித்துக்கொள்ள ஓர் ஆள் நிற்பது வழக்கம். ஆள் குறைவு என்று எஸ்டேட் கணக்குப்பிள்ளையான ரைட்டர் அந்த ஆளையும் வேறு மரத்துக்கு அனுப்பியிருந்தார். தொடை எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது.

அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். வாசலிலிருந்து தியேட்டர் கதவுவரை ரத்தம் சொட்டியிருந்தது. கலாவதி சுவரில் சாய்ந்து நின்றாள். "துடைம்மா, ஆள் நடமாடற இடம்," என்றது யாருடைய குரலோ. அவள் குனிந்து தன் புருஷனின் ரத்தத்தைத் துடைத்தாள். வாளித் தண்ணீர் சிவந்தது. அதைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்து மறுபடி துடைத்தாள்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. எலும்புக்குப் பிளேட் வைத்துத் திருகியிருப்பதாகவும், மூன்று மாதத்தில் நடந்துவிடலாம் என்றும் டாக்டர் சொன்னார். ஆண்கள் வார்டில் ஐந்தாம் கட்டில் கொடுத்தார்கள். கலாவதிக்கு வேலையும் அங்கேதான், புருஷனும் அங்கேதான் என்று ஆயிற்று. துடைத்துக்கொண்டே வந்து ஐந்தாம் கட்டிலருகே ஒரு நிமிடம் கூடுதலாகக் குனிந்திருப்பாள்.

"எங்கட்டிலுக்கு அடியில மட்டும் நாலு தடவ தேய்க்கற. மத்தவிய பாத்தா என்ன நெனப்பாங்க?" என்று மாதேஸ்வரன் சிரிப்பான்.

நாலாம் கட்டிலில் கரடியூர் விவசாயி ஐயாக்கண்ணு இருந்தார். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர். அவர் மனைவி அத்தாயி தோட்டத்துக் கமலா ஆரஞ்சை உரித்து, பாதியைத் தன் வீட்டுக்காரருக்கும் பாதியை மாதேஸ்வரனுக்கும் கொடுப்பாள். "நாளைக்கு நடக்கோணுமில்ல, சாப்புடுங்க தம்பி," என்பாள். நாலைந்து நாள் அந்த இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஓர் ஊரே இருந்தது போலப் பேச்சு நடந்தது.

ஆறாம் நாள் மாதேஸ்வரனுக்குக் குளிரெடுத்து உதறியது. நெற்றியில் கை வைத்த கலாவதி உடனே எடுத்துவிட்டாள். அவ்வளவு சூடு. ஊசி போட்டார்கள். இறங்கவில்லை. மறுநாள் வேறு ஊசி. மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தபோது தையல் ஓரத்தில் பச்சையும் மஞ்சளுமாகச் சீழ் கசிந்திருந்தது. அந்த வாடை கலாவதிக்குப் புதிதல்ல. தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு மாதமாக அந்த வாடையைத் துடைத்து வருகிறாள். மார்கழியில் அங்கே இறந்துபோன இருவரின் கட்டிலிலும் அதே வாடைதான் இருந்தது.

சீழை ஒரு குப்பியில் எடுத்துச் சேலத்துக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளில் கால் தொடைவரை வீங்கித் தோல் பளபளத்தது.

ஆண் நர்ஸ் ஸ்தனிஸ்லாஸ்தான் அவளைப் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டான். ஏற்காட்டிலேயே பிறந்து வளர்ந்தவன். அவனும் கான்ட்ராக்ட்தான், பதினோரு மாதத்துக்கு ஒருமுறை புதுக் கடிதம். கையில் சோதனைக் காகிதம் இருந்தது.

"அக்கா, ரிசல்ட் வந்திருச்சு. இதுல பதினாறு மருந்து பேரு இருக்குது. பதினாலுக்கு நேரா கேக்காதுன்னு போட்டிருக்காங்க."

"கேக்காதுன்னா?"

"அந்தக் கிருமிய இந்த மருந்து எதுவும் கொல்லாது. ரெண்டே ரெண்டு மிச்சம். அதுல ஒண்ணு சேலத்துலயும் இல்லையாம். இன்னொண்ணு இருக்குது. ஆனா அது கிட்னியக் கெடுக்கும். பழைய மருந்து. வேற வழியில்லாதப்பத்தான் எடுப்பாங்க."

கலாவதி காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். மருந்துப் பேர்களுக்கு நேரே ஒரே எழுத்து வரிசையாகக் கீழே கீழே இறங்கிக்கொண்டே போனது.

"மருந்துக்குச் சாவாத கிருமி எங்கிருந்து தம்பி வந்துச்சு? மரத்துல இருந்தா?"

ஸ்தனிஸ்லாஸ் குரலைத் தாழ்த்தினான். "மரத்துல இருந்து இல்லக்கா. மரத்துல இருக்கற கிருமிக்கு இத்தன மருந்து தெரியாது. ஒரு மருந்து போட்டா சாகறது செத்துரும். தப்பிச்சது பெருகும். அதுக்கு அந்த மருந்து ஒறைக்காது. அப்புறம் வேற மருந்து, அதுலயும் தப்பிச்சது பெருகும். இங்க சளின்னு வந்தாலும் பெரிய ஊசிதான் போடறோம். வருஷக்கணக்கா போடறோம். அப்படித் தப்பிச்சுத் தப்பிச்சு வந்தது இந்த ஆஸ்பத்திரிக்குள்ளயே குடியிருக்குது. ஐ.சி.யூ.வுல இருக்கறதும் இவருக்கு வந்திருக்கறதும் ஒண்ணுதான்."

"அங்கிருந்து வார்டுக்கு எப்படி வந்துச்சு?"

அவன் தரையைப் பார்த்தான். அந்தப் பார்வை போன இடத்தைக் கலாவதியும் பார்த்தாள். படிக்கட்டின் ஓரத்தில் அவளுடைய வாளி இருந்தது.

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கையால வந்துச்சா தம்பி?"

"இருக்கலாம்க்கா. பொய் சொல்ல மாட்டேன். எங்கையாலயும் வந்திருக்கலாம். ஒரு ஷிப்டுக்கு ஒரு ஜோடி கிளவுஸ் குடுக்கறாங்க. பத்துப் பேருக்குக் கட்டு மாத்தணும். கை கழுவற மருந்துல தண்ணி கலந்து ஊத்தறாங்க. டாக்டர் கையால வந்திருக்கலாம். தண்ணி வராத குழாயில யாரு கை கழுவுனா? நாலாம் கட்டில் பெரியவருக்கும் நேத்திருந்து சொரம். அங்கயும் சீழ் வெச்சிருக்கு."

அன்று முதல் கலாவதி அறைக்கு ஒரு வாளி மாற்றினாள். ஒவ்வொரு வாளிக்கும் முப்பத்திரண்டு படி இறங்கி முப்பத்திரண்டு படி ஏறினாள். சென்னம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது, மூட்டுவலிக்காரி. அவளும் கேட்காமலே ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டாள். காளியாயி தன் வீட்டிலிருந்து துணி கொண்டுவந்து கட்டிலுக்கு ஒன்றாகக் கிழித்தாள். எட்டு மணிக்கு முருகேசன் வந்தபோது பாதித் தரைதான் ஆகியிருந்தது.

"என்ன இது, இன்னும் ஈரமா இருக்கு?"

"தண்ணி மாத்திப்போட்டுத் தொடைக்கறமுங்க சார். மேல கொழாயில தண்ணி வந்தா வெரசா முடியுமுங்க."

"மோட்டாருக்குச் சொல்லியாச்சு. அதுவரைக்கும் எப்பவும்போல செய்யுங்க. உங்களுக்கு நோய்க்கிருமி பாடம் யார் எடுக்கறா?"

ஸ்தனிஸ்லாஸ் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போனான்.

கடைசி மருந்தை ஏற்றத் தொடங்கினார்கள். சொட்டுச் சொட்டாக அது இறங்குவதைப் பார்த்தபடி கலாவதி கட்டிலடியில் உட்கார்ந்திருப்பாள். இரண்டு நாள் காய்ச்சல் இறங்கியது. அவளுக்கு உயிர் வந்தது. மூன்றாம் நாள் மாதேஸ்வரனுக்கு மூத்திரம் குறைந்தது. முகம் உப்பியது. நாக்கு வறண்டு பேச்சுக் குழறியது.

அன்று மத்தியானம் அவன் நல்ல நினைவோடு இருந்தான். அவள் கையை எடுத்து வெடிப்புகளைத் தடவிப் பார்த்தான்.

"தேங்கா எண்ண வெக்கறதில்லயா புள்ள?"

"வெக்கறனுங்க."

"எம்மேல என்னமோ வெசனத்துல இருக்கற. மூஞ்சியப் பாக்காமப் பேசற."

அவள் சொல்லிவிட்டாள். வாளித் தண்ணீரை, ஐ.சி.யூ.வை, ஸ்தனிஸ்லாஸ் சொன்னதை, எல்லாவற்றையும். சொல்லி முடிக்கும்வரை அவன் கையை விடவில்லை.

"எனக்கு ஏணி புடிக்க ஆளு இல்ல," என்றான் மெதுவாக. "உனக்குத் தண்ணி மாத்த ஆளு இல்ல. இதுல நீ என்ன பண்ணுவ?"

பிறகு கண்ணை மூடிக்கொண்டான். அவன் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு அது.

மறுநாள் காலை டாக்டர் வந்து, சிறுநீரகம் வேலை செய்யவில்லை, ரத்தத்தைச் சுத்தம் செய்ய இங்கே எந்திரம் இல்லை, சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். இளவயதுக்காரர். அவள் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தில் கையெழுத்திட்டார். ஆம்புலன்ஸ் பத்து மணிக்குக் கிளம்பியது. கலாவதி அவன் தலையைத் தன் தொடையில் வைத்துக்கொண்டாள். மலைப்பாதையின் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வண்டி சாயும்போது அவன் உடம்பு அவள்மேல் சரிந்தது. அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பதினொன்றாம் வளைவில் எதிரே சுற்றுலா பஸ் ஒன்று வந்து வழி கிடைக்காமல் வண்டி நின்றது. ஜன்னல் வழியே பிள்ளைகள் எட்டிப் பார்த்துக் கையாட்டின. வண்டி மறுபடி நகர்ந்து திரும்பியபோது அவன் உடம்பு முன்போலச் சரியவில்லை. கனத்து, வேறுமாதிரி சரிந்தது.

அவள் டிரைவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அடிவாரம்வரை அப்படியே பிடித்துக்கொண்டு போனாள்.

கிளியூர் லைனுக்குப் பின்னாலிருந்த சரிவில் அவனைப் புதைத்தார்கள். கொட்டச்சேட்டில் கட்டிக்கொடுத்த மகள் பொன்னாயி ஆறு மாதக் கர்ப்பிணி. அப்பன் முகத்தைப் பார்த்துவிட்டு விழுந்தவளை நாலு பெண்கள் தாங்கினார்கள். அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று யாரோ சொன்னபோது கலாவதி எழுந்து நின்றாள். "அங்க வேண்டாம்," என்றாள். அழுகையை நிறுத்திவிட்டு எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது, மேனேஜர் கூப்பிடுவதாக.

முருகேசன் அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். ஆறு வருடத்தில் அது முதல் தடவை. மேசைமேல் தட்டச்சு செய்த காகிதம் இருந்தது.

"நடந்தது நடந்துபோச்சு கலாவதி. எங்களுக்கும் வருத்தம்தான். உன் வேலையை நிரந்தரமாக்கலாம்னு மேல பேசியிருக்கேன். இதுல ஒரு கையெழுத்துப் போடு."

"என்ன எழுதியிருக்குதுங்க?"

"வழக்கமான விசாரணை. நீ ஐ.சி.யூ.ல வேலை பாத்துட்டுக் கை கழுவாம வந்து உன் வீட்டுக்காரர் காயத்தைத் தொட்டுட்டே. பாசத்துல செஞ்சது. யாரும் உன்னைக் குத்தம் சொல்லப்போறதில்லை. சுகாதாரத் துறையிலிருந்து கேள்வி வந்தா ஒரு பதில் வேணும், அவ்வளவுதான்."

"நான் அவரு காயத்தத் தொட்டதில்லீங்க சார். மாப்பத்தான் தொட்டேன். அந்த மாப்பு ஆஸ்பத்திரியோடது."

"பேச்சு நல்லா பேசறே."

"மார்கழியில ஐ.சி.யூ.வுல ரெண்டு பேரு போனாங்களே, அவிய காயத்த யாரு தொட்டாங்கன்னு எழுதியிருக்குதுங்களா?"

முருகேசனின் முகம் இறுகியது. "இங்க பாரும்மா. உன் புருஷன் இந்த ஆஸ்பத்திரியில சாகலை. உயிரோடதான் அனுப்பினோம். எங்க ரெஜிஸ்டர்ல அப்படித்தான் இருக்கு. நீ கையெழுத்துப் போடலைன்னாலும் எங்களுக்கு நட்டமில்லை. கவனக்குறைவுன்னு உங்க மூணு பேரையும் நிறுத்திட்டு வேற ஆள் போட்டுக்குவோம்."

"புது ஆளுக்கும் அதே வாளிதானுங்களா?"

கலாவதி எழுந்தாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கையால அவருக்கு வந்திருக்குமோன்னு நெனச்சு நெனச்சு நான் சோறு தின்னு ஒம்பது நாளாச்சுங்க சார். அது எனக்கும் அவருக்கும். ஆனா நீங்க எழுதி வெச்சிருக்கறது அது இல்லீங்க. நான் மட்டும்னு எழுதி வெச்சிருக்கீங்க. இதுல கையெழுத்துப் போட்டா அடுத்த ஆளு செத்தாலும் இந்தக் காயிதத்தத்தான் காட்டுவீங்க."

வெளியே வந்தாள். படிக்கட்டில் சென்னம்மாளும் காளியாயியும் நின்றிருந்தார்கள். கதவு வழியே பேச்சு அரைகுறையாகக் கேட்டிருந்தது. சென்னம்மாள் அவள் தோளைப் பிடித்தாள்.

"போட்டுட்டியா கண்ணு?"

"இல்லக்கா. உங்க ரெண்டு பேருத்து வேலையும் போயிருமாட்ட இருக்குது."

"போறது போகட்டும்," என்றாள் சென்னம்மாள். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்குப் பயமாத்தான் இருக்குது," என்று சேர்த்துக்கொண்டாள். "ஆனா அந்தத் தண்ணியில இனித் தொடைக்க எங்கையி வராது."

கலாவதி மாடி ஏறினாள். வார்டுக்குள் ஐந்தாம் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் நாலாம் கட்டிலுக்குப் போனாள். ஐயாக்கண்ணு சுருண்டு கிடந்தார். உதடு வெளுத்திருந்தது. அத்தாயி காலடியில் உட்கார்ந்து பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். கலாவதியைக் கண்டதும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"தம்பி போயிருச்சுன்னு கேள்விப்பட்டு ஒடைஞ்சுபோனேன் ஆயா. இங்க இவுருக்கும் சொரம் எறங்க மாட்டீங்குது. ஒடம்புல சத்தில்ல, அதான் ஆற மாட்டீங்குதுன்னு சொல்றாங்க. கோழிச்சாறு வெச்சுக் குடுத்தனுங்க. எறங்க மாட்டீங்குதே."

கலாவதி அவளைக் கட்டிலில் உட்காரவைத்துத் தானும் தரையில் உட்கார்ந்தாள். சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

"சத்தில்லாம இல்லீங்க. இது ஆஸ்பத்திரிக்குள்ள வந்த கிருமிங்க. எங்கூட்டுக்காரருக்கு வந்ததும் இதேதான். சாதாரண மருந்துக்குக் கேக்காது. சீழப் பரிசோதிச்சாங்களான்னு கேளுங்க. காயிதத்தக் கையில குடுக்கச் சொல்லுங்க. கேக்கறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்குது. இப்பவே சேலத்துக்குக் கொண்டுபோனா காப்பாத்த வழி இருக்கும். எங்களுக்கு நேரம் போயிருச்சு. உங்களுக்கு இருக்குது."

"கிருமி எப்படி வந்துச்சு?" என்று அத்தாயி கேட்டாள்.

"நானும் அதுல ஒரு ஆளுங்க. நான் தொடைச்ச தண்ணி." கலாவதி கையை மடியில் வைத்துக்கொண்டாள். "நீங்க என்னைத் திட்டுங்க. ஆனா அந்தக் காயிதத்தக் கேளுங்க."

எட்டுக் கட்டிலிலிருந்தும் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தாயி அவள் கைகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு எழுந்து நர்ஸ் மேசைக்குப் போனாள்.

"எங்கூட்டுக்காரரு சோதனைக் காயிதம் குடுங்க சாமி."

ஸ்தனிஸ்லாஸ் மேசைக்குப் பின்னால் நின்றிருந்தான். நிர்வாகத்தைக் கேட்காமல் எந்தக் காகிதமும் வெளியே போகக்கூடாது என்று அன்று காலைதான் சுற்றறிக்கை வந்திருந்தது. அதைப் படித்ததாகக் கையெழுத்திட்டிருந்தவர்களில் அவனும் ஒருவன். அவன் கோப்பைத் திறந்து, நகலெடுத்து, முத்திரை குத்தி அவளிடம் கொடுத்தான். பக்கத்தில் நின்ற இரண்டு நர்ஸ் பெண்களில் ஒருத்தி, "ஏழாம் கட்டில்லயும் காய்ச்சல்தான். அவருக்கும் எடுங்க சார்," என்றாள்.

மத்தியானம் ஐயாக்கண்ணுவை ஏற்றிக்கொண்டு வண்டி சேலத்துக்கு இறங்கியது. பிழைப்பாரா என்று யாருக்கும் தெரியாது. சாயங்காலத்துக்குள் வாசல் பலகையில் மூன்று துப்புரவுப் பணியாளர்களையும் ஓர் ஆண் நர்ஸையும் வேலையிலிருந்து நிறுத்தியதாக அறிவிப்பு ஒட்டப்பட்டது. மற்ற நர்ஸுகள் அதை நின்று படித்துவிட்டு உள்ளே போனார்கள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நிறுத்தப்பட்ட நாலு பேரும் பின்வாசலுக்கு வந்தார்கள். காவலாளி கதவைத் திறக்கவில்லை. அப்போது மேட்டுப் பாதையில் ஆட்கள் வரும் சத்தம் கேட்டது. எஸ்டேட் சங்கத்துக்காரர் அங்கப்பன் முன்னால் வந்தார். பின்னால் மிளகு பறிக்கும் ஆண்களும் காப்பிப் பழம் எடுக்கும் பெண்களுமாக முப்பது நாற்பது பேர். மாதேஸ்வரனைச் சுமந்தவர்களும் அதில் இருந்தார்கள்.

"ஏணி புடிக்க ஆளு வேணும்னு எஸ்டேட்டுல நேத்தே எழுதிக் குடுத்துட்டம்," என்றார் அங்கப்பன். "ஆளு போடற வரைக்கும் எவனும் மரம் ஏறமாட்டான். இங்க என்ன செய்யோணும் சொல்லும்மா."

என்ன செய்ய வேண்டும் என்று கலாவதியும் இரவெல்லாம் யோசித்திருந்தாள். எல்லோரும் வாசலில் உட்கார்ந்தால் உள்ளே யார் துடைப்பார்கள்? சீழ் பிடித்த கட்டுகளை யார் எடுத்துப்போடுவார்கள்? பழிவாங்குகிறேன் என்று நோயில் கிடப்பவர்களைச் சாகவிட முடியாது.

"வேல நிக்கக் கூடாதுங்க," என்றாள். "வேல நடக்கோணும். ஆனா நடக்கவேண்டிய மாதிரி நடக்கோணும். அறைக்கு ஒரு வாளி. கட்டிலுக்கு ஒரு துணி. அது இல்லாம இனி இந்த மாடியில ஒருத்தரும் மாப்பத் தொடமாட்டோம். கோரிக்கைய எழுதிக் கலெக்டருக்கும் சுகாதாரத் துறைக்கும் அனுப்போணும். தண்ணி, கிளவுஸ், ஆளு, சோதனைக் காயிதம், அப்புறம் செத்தவிய பேரு, சீக்குல கெடக்கறவிய பேரு. பேரு அதுல இருக்கோணும்."

ஸ்தனிஸ்லாஸ் ஒரு நோட்டுத்தாளை எடுத்து முழங்காலில் வைத்து எழுதினான். மார்கழியில் போன இரண்டு பேர், மாதேஸ்வரன், சேலத்துக்குப் போன ஐயாக்கண்ணு, காய்ச்சலில் கிடக்கும் ஏழாம் கட்டில்காரர். ஒவ்வொரு பேராகச் சத்தமாகப் படித்தான். கீழே முதல் கையெழுத்து கலாவதியுடையது. நேற்றுக் காகிதத்தில் போடாத கையெழுத்தை நிதானமாக, எழுத்து எழுத்தாகப் போட்டாள். சென்னம்மாள் பெருவிரலை மையில் தோய்த்தாள்.

உள்ளேயிருந்து கதவின் தாழ்ப்பாள் விலகியது. இரவு ஷிப்டு நர்ஸ் பெண்கள் மூன்று பேர் நின்றிருந்தார்கள். "வாங்கக்கா. வார்டு நேத்து மத்தியானத்துல இருந்து தொடைக்காம கெடக்குது," என்றாள் ஒருத்தி. காவலாளி தடுக்கவில்லை. வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

முற்றத்துக் குழாயடியில் சென்னம்மாள் உட்கார்ந்து வாளியைப் பிடித்தாள். அங்கிருந்து படிக்கட்டு நெடுக ஆட்கள் வரிசையாக நின்றார்கள். காப்பி எடுக்கும் பெண், மிளகு பறிக்கும் ஆண், நோயாளிக்குத் துணைக்கு வந்தவர்கள், பணிமுடிந்தும் வீட்டுக்குப் போகாத நர்ஸ். நிறைந்த வாளி கைமாறிக் கைமாறி மேலே போனது. அழுக்கு வாளி இன்னொரு பக்கமாகக் கீழே இறங்கியது. மாடியில் கலாவதியும் காளியாயியும் மண்டிபோட்டுத் துடைத்தார்கள். ஐந்தாம் கட்டிலுக்கு வந்தபோது கலாவதியின் கண் மறைத்தது. தோளில் கண்ணைத் துடைத்துவிட்டு, கட்டிலில் புதிதாகப் படுத்திருந்த ஆளின் காலடியில் குனிந்தாள். அவருக்குப் பேர் என்ன என்று கேட்டாள்.

எட்டு மணிக்கு முருகேசனின் கார் வந்தது. அவர் இறங்கிப் படிக்கட்டைப் பார்த்தார். யாரையும் தெரியாதவர்போல ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"யார் உங்களை உள்ள விட்டது? போலீசைக் கூப்பிடட்டுமா?"

"கூப்புடுங்க சார்," என்றார் அங்கப்பன். "வரட்டும். அவியளும் ஒரு கை புடிக்கலாம்."

யாரும் சிரிக்கவில்லை. முருகேசன் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்குள் போனார். போலீஸ் வரலாம். கலெக்டர் ஆபீசிலிருந்து பதில் வராமலே போகலாம். நாளைக்குச் சேலத்திலிருந்து புது ஆட்களை லாரியில் ஏற்றி வரலாம். படிக்கட்டில் நின்றவர்களுக்கு அது தெரிந்திருந்தது.

மேலிருந்து கலாவதியின் குரல் வந்தது.

"ஏழாம் கட்டிலுக்குத் தண்ணி அனுப்புங்க."

கீழே சென்னம்மாள் குழாயைத் திருகினாள். வாளி நிறைந்ததும் பக்கத்துக் கைக்குக் கொடுத்தாள்.